உபதேசியார் கேட்ட கண்ணீர்

பிள்ளைகளே, எங்கள் வேதக்கோயில் உபதேசியாரை நினைத்தாலே, ஈர மணலில் உங்கள் அத்தைக்கு முன்னால் அவர் கைகூப்பி நின்றதுதான் கண்ணில் வருகிறது. அன்று அவர் கேட்டது கொஞ்சம் கண்ணீர்.

அத்தையின் கூடையிலிருந்து மீனை அள்ளிய கோட்டைச் சிப்பாயை உங்கள் மாமா அடித்துவிட்டார். ஒல்லாந்தக் கப்பித்தானுக்குக் கோபம் தலைக்கேறி, மாமாவைக் கடலுக்கு அப்பால் பத்தாவிக்குப் போகும் கப்பலில் அடிமையாக ஏற்றச் சொல்லிவிட்டார்.

உபதேசியார் கோட்டைக்கு ஓடினார். சபையின் ஆதி நாட்களில், கோபத்தில் ஓர் ஊரையே வெட்டச் சொன்ன பேரரசனை ஆயர் ஒருவர் கோயில் வாசலிலேயே நிறுத்திவிட்டாராம். அவன் அழுத பிறகுதான் உள்ளே விட்டாராம். அதைச் சொல்லும்போதெல்லாம் உபதேசியாரின் குரல் உடையும். ஆளுகிறவனுக்குக் கோபம் மட்டும் இருந்தால் ஊர் தாங்காது, இரக்கம்தான் அவனை அரசனாக வைத்திருக்கிறது என்பார். துபாஷி வழியாகக் கப்பித்தானிடமும் அதையே சொன்னார். கப்பித்தான் சிரிக்கவில்லை. அந்த முரடனுக்காக அழ ஆள் உண்டா என்று கரைக்கு வந்து பார்ப்பதாகச் சொன்னாராம். உபதேசியார் பாதி ஜெயித்த முகத்தோடு திரும்பினார்.

மாமாவைக் கப்பலுக்குக் கொண்டுபோகும் படகு மணலில் இருந்தவரை அத்தை புரண்டு புரண்டு அழுதாள். கப்பித்தான் வரவில்லை. மாமாவோடு படகு மிதந்ததும், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். எங்கள் கோட்டைக்குப்பத்துப் பெண்கள் எல்லோரும் அப்படியே நின்றார்கள். அப்போதுதான் கப்பித்தானின் பல்லக்கு வந்தது.

உபதேசியார் காட்டூரில் நெல் விளைக்கிற குடும்பத்துக்காரர். எங்கள் கரை வழக்கம் அவருக்குத் தெரியாது. இப்போது அழும்மா என்று கெஞ்சினார்.

"ஆளு தண்ணி மேல இருக்கறப்ப பொம்பள அழுதா கடல் எடுத்துக்கும் ஐயா. நான் மாட்டேன்."

துபாஷி எங்களைப் பார்த்து உதட்டைச் சுழித்தான். "இன்னாய்யா, ஒருத்தி கண்ணுலயும் ஈரம் காணோம். இதுக்கா துரைய வெயில்ல இழுத்தாந்தீங்க?"

உபதேசியார் வழக்கத்தைச் சொல்லிப் பார்த்தார். துபாஷி அதில் எவ்வளவைச் சொன்னானோ, பல்லக்கு திரும்பிவிட்டது. உபதேசியாருக்கே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பெண்கள் அவரையும் அழவிடவில்லை.

மாமா எங்காவது கரை இறங்கினார் என்று இதுவரை எந்தக் கப்பலும் சேதி கொண்டுவரவில்லை. போன வாரம் உபதேசியாரை அடக்கம் செய்தபோது, ஊரே அழுததே, அத்தை மட்டும் ஏன் அழவில்லை என்று கேட்டீர்கள். அவளுக்கு உங்கள் மாமா இன்னும் தண்ணீர் மேல்தான் இருக்கிறார்.