பேச்சில்லாத எட்டுப் பக்கம்

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் பொன்செல்வியின் முகத்தை அறிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அவள் குரலை அறியாதவர்கள் கிடையாது. டைம் ஆபீசை ஒட்டி, ஒரு விளம்பரக் கம்பெனி கட்டிக் கொடுத்த கண்ணாடிக் கூண்டுக்குள் மைக்கை வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பாள். ஜவுளிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை விளம்பரங்களுக்கு நடுவே, "திருவேங்கடம் செல்லும் வண்டி புறப்படத் தயாராக உள்ளது" என்று அவள் சொல்லும்போது, டீ குடித்துக்கொண்டிருப்பவர்கள் கிளாசைப் பாதியில் வைத்துவிட்டு ஓடுவார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்குச் சிரித்தே பதில் சொல்லி நாற்பதைத் தாண்டிவிட்டாள்.

மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் பஸ் ஸ்டாண்ட் கண்ணயரும். வெயில் தகரக் கூரையில் இறங்கி உட்கார, நாய்கள் இஞ்சின் சூடு ஆறாத பஸ்களுக்கு அடியில் படுத்துக்கொள்ளும். அந்த நேரம் பொன்செல்வி மேஜைக்கு அடியிலிருந்து 'மேகக்கோட்டை அறுவர்' புத்தகத்தை எடுப்பாள். சிவகாசியில் ஒரு சின்ன அச்சகம் மாதாமாதம் போடுகிற சித்திரக்கதை. கல்லால் ஆன உடம்புக்காரன் கல்லன், கையை விரித்தால் மழையை வரவழைக்கிற தூவானி, நேரத்தை நிறுத்தி வைக்கிற நொடியன், இன்னும் மூன்று பேர். மைக்கை அணைத்துவிட்டு, ஆறு பேருக்கும் ஆறு குரலில் வசனத்தை வாசிப்பாள். கல்லனுக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு குரல். தூவானிக்கு மூக்கோடு சேர்ந்த குரல். வாசிக்க வாசிக்கக் கூண்டின் கண்ணாடிக்கு வெளியே வெயில் மங்கி, ராஜபாளையம் பஸ்ஸின் மேல் யாரோ பறந்து போவதுபோல அவளுக்கு இருக்கும். கண்டக்டர் வந்து கண்ணாடியைத் தட்டினால்தான் இறங்கி வருவாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் பெத்துராஜின் பெயிண்ட் கடையில் அந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேச ஒரு கூட்டம். கூட்டம் என்றால் மூன்றே பேர். பெத்துராஜ் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து, சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, ஷட்டரைப் பாதி தூக்கி வைப்பார். ஐம்பது வயது மனுஷர். கதை வேகமாக ஓடவேண்டும் அவருக்கு. மூன்றாவது ஆள் ரிஸானா. கம்ப்யூட்டர் எம்பிராய்டரி போடுகிற இடத்தில் டிசைன் வரைகிற பெண். இருபத்தைந்து வயது இருக்கும். அவள் முதலில் படங்களை மட்டும் பார்த்து ஒருதடவை புத்தகத்தை முடிப்பாள். எழுத்துக்கு அப்புறம்தான் வருவாள்.

ஆனி மாத இதழ் வந்த ஞாயிற்றுக்கிழமைதான் அந்தச் சண்டை. அந்த இதழில் ஒரு பாலம் உடைகிறது. மேலே ஜனங்கள். நொடியன் நேரத்தை நிறுத்திப் பிடிக்கிறான். கல்லன் ஆற்றுக்குள் இறங்கிப் பாலத்தைத் தோளில் தாங்குகிறான். மற்றவர்கள் ஜனங்களைத் தூக்கிக் கரை சேர்ப்பதற்குள் அவன் உடம்பு இறுகி, அவனே ஒரு தூணாகிவிடுகிறான். எட்டுப் பக்கம். ஒரு சொல் கிடையாது.

"எட்டுப் பக்கமும் ஒரே எடத்துல நிக்கி," என்றார் பெத்துராஜ். "அந்த எட்டுப் பக்கத்தை என்கிட்ட குடுத்தா நான் மூணு ஊரைக் காப்பாத்திருப்பேன்."

"அண்ணாச்சி, அதைக்கூட மன்னிச்சிருவேன்," என்றாள் பொன்செல்வி. "முப்பது இதழா நம்மகூடப் பேசுனவன். சாகும்போது ஒரு வார்த்தை சொல்லாண்டாமா? ஊமையா நிறுத்திப்புட்டானுவளே!"

"நொடியன்தான் நேரத்த நிறுத்திட்டான்லாக்கா?" என்றாள் ரிஸானா. "நேரமே ஓடலைன்னா பேச்சு எப்படி வரும்? அதான் வசன பலூனே போடல. கல்லன் கண்ணைப் பாருங்க. மொதல் பக்கத்துல கோடு மெலிசா இருக்கு. போகப் போகக் கனத்துக்கிட்டே வருது."

"கோட்டை வச்சு நான் என்னத்தட்டி வாசிக்க?"

"வாசிக்காண்டாம். பாருங்க."

பொன்செல்விக்குச் சுருக்கென்றது. "உனக்கென்ன, படம் இருந்தாப் போதும். பூப்போட்ட துணியைப் பாத்துட்டு மடிச்சு வைக்க மாதிரி மடிச்சு வச்சிருவ. வாயில்லாத பொம்மைதான் உனக்குத் தோது."

சொன்ன பிறகுதான் அதன் கூர்மை அவளுக்கே தெரிந்தது. ரிஸானா எழுந்தாள். புத்தகத்தைப் பைக்குள் வைத்து, செருப்பை மாட்டிக்கொண்டு, ஷட்டருக்குக் கீழே குனிந்து போய்விட்டாள். பெத்துராஜ் ஒரு பெயிண்ட் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினார். அது ஏற்கனவே மூடித்தான் இருந்தது. அடுத்த ஞாயிறும் அதற்கு அடுத்த ஞாயிறும் ரிஸானா வரவில்லை.

அதற்குள் ஆடித் தபசுத் திருவிழா வந்துவிட்டது. ஊர் தாங்காத கூட்டம். சிறப்புப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. காணாமல் போன பிள்ளைகளின் பெயர், தவறவிட்ட பைகளின் நிறம், எந்த வண்டி எந்த வாசலில் நிற்கிறது என்று எல்லாவற்றையும் பொன்செல்வி விடியலிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். காற்று புழுதியைக் கூண்டுக்குள் தள்ளியது. தபசுக்கு மறுநாள் காலையில் மைக்கைப் போட்டு "சிவகிரி" என்று ஆரம்பித்தாள். 'சி' மட்டும் வந்தது. பிறகு வெறும் காற்று.

திருநெல்வேலி டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாணில் சின்ன முடிச்சுகள் விழுந்திருக்கின்றன என்றார். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் சில வாரம் ஒரு சொல்கூடப் பேசக்கூடாது. ரகசியம்போலக் கிசுகிசுப்பதும் ஆகாது. அதுதான் இன்னும் கெடுதல். கம்பெனிக்காரர்கள் அவளை லீவு எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கூண்டுக்குள் ஒரு பதிவுக் குரலை ஓடவிட்டார்கள். வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில்தான். மாடியில் உட்கார்ந்தால் கேட்கும். யாரோ ஒரு பெண், எந்த ஊர்க்காரியோ, "இளை... யரச... நேந்தல்" என்று ஊரை மூன்றாக உடைத்துப் போட்டாள். பொன்செல்வி திருத்துவதற்கு வாயைத் திறப்பாள், பிறகு மூடிக்கொள்வாள்.

பேச்சில்லாத பகல்கள் எப்படி நீளும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. கொடியில் கிடக்கிற சேலை காற்றில் புடைத்து அடங்குவதையே ஒரு முழுக் காலையும் பார்த்தாள். ஒருநாள் அந்த ஆனி இதழை எடுத்தாள். குரல் இருந்தால் கடகடவென்று புரட்டியிருப்பாள். இப்போது ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போக அவசரமில்லை. மூன்றாம் பக்கத்தில், பாலத்தின்மேல் ஒரு கிழவர் குடையை விரித்தபடி நிற்கிறார். குடையிலிருந்து விழுந்த துளி அந்தரத்தில் தொங்குகிறது. இதை அவள் பார்த்ததே இல்லை. ஐந்தாம் பக்கத்தில் தூவானி கல்லனின் தோளைத் தொடக் கை நீட்டுகிறாள். ஆறில் இன்னும் நீட்டுகிறாள். ஏழில் தொட்டபோது அது பாறையாக இருக்கிறது. பொன்செல்வி பக்கத்தின்மேல் உள்ளங்கையை வைத்தாள். தாள் வெயிலில் காய்ந்து சூடாக இருந்தது.

மறுநாள் காலையில் படியேறி வந்தாள் ரிஸானா. கையில் புது இதழ்.

"பெத்துராஜ் அண்ணாச்சி சொன்னாவ," என்றாள். "நீங்க பேசாதீங்க. நான் சண்டை போட வரல."

பொன்செல்வி கீழே கிடந்த சாக்பீசை எடுத்துத் தரையில், 'அன்னைக்கு நான் சொன்னது தப்பு' என்று எழுதினாள். ரிஸானா அதைக் குனிந்து பார்த்துவிட்டு, "கையெழுத்து இவ்வளவு மோசமா இருக்கே," என்றாள். சத்தமில்லாமல் ஒருத்தியும் சத்தத்தோடு ஒருத்தியுமாகச் சிரித்தார்கள்.

கீழே அந்தப் பதிவுக் குரல் மறுபடியும் இளையரசனேந்தலை உடைத்தது. "அந்த ஊரு எப்படிக்கா இருக்கும்?" என்று கேட்டாள் ரிஸானா.

பொன்செல்வி சொல்ல நினைத்து, நின்றுபோனாள். அவள் அந்த ஊருக்குப் போனதே இல்லை. எத்தனையோ வருஷமாகப் பெயர் சொல்லி ஜனங்களை அனுப்பி வைத்த ஊர்களில் பாதிக்கு மேல் அவள் பார்த்ததில்லை. கைப்பையை எடுத்தாள். ரிஸானாவின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

அந்த மாதம் அவர்கள் இப்படிச் சுற்றினார்கள். ரிஸானாவுக்கு வேலை இல்லாத நாட்களில், எந்த வண்டி முதலில் கிளம்புகிறதோ அதில். பஸ்ஸுக்குள் ஏறியதும் ரிஸானாவும் பேச்சை நிறுத்திவிடுவாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளாகவே அப்படி வைத்துக்கொண்டாள். இளையரசனேந்தல் பக்கம், மழையை எதிர்பார்த்து உழுதுபோட்ட கரிசல் வானம்வரை கிடந்தது. அதன் நடுவே காற்றாலைகள், பேசிப் பேசி அலுத்துப்போன பெரிய மனிதர்கள்போல, மெல்லக் கையைச் சுற்றின. திருவேங்கடத்தில் இறங்கி, ஒரு வேப்பமரத்தடியில் ஆட்டுக்கிடை கலைந்து போவதைக் கடைசி ஆடு மறையும்வரை பார்த்தார்கள். மேய்க்கிறவர் திரும்பி, "யாரைத் தேடுதீய?" என்றார். இருவரும் தலையை மட்டும் ஆட்டினார்கள். "ஊமைப் பிள்ளைய போல, பாவம்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடந்தார்.

சிவகிரிக்குப் போன அன்று மலையில் மேகம் இறங்கியிருந்தது. ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே மலை துண்டு துண்டாக வந்து வந்து போயிற்று. ஒரு துண்டில் தென்னை, ஒன்றில் ஓடை, ஒன்றில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் பெண், அடுத்ததில் வெறும் பச்சை. பொன்செல்வி விழித்திருக்கிறாளா தூங்குகிறாளா என்று அவளுக்கே பிடிபடவில்லை. இந்த மேகத்துக்கு மேலேதான் அந்தக் கோட்டை இருக்கும் என்று தோன்றியது. தோன்றியதில் வெட்கமும் வரவில்லை. ரிஸானா மடியில் ஒரு தாளை வைத்து வரைந்துகொண்டிருந்தாள். பொன்செல்வி எட்டிப் பார்த்தாள். ஜன்னலோரம் ஒரு பெண், வாய் மூடி, கண் மட்டும் வெளியே. கோடு மெலிசாக இருந்தது.

ஆவணி முடியுமுன் டாக்டர் பேசச் சொன்னார். குரல் வந்தது, ஆனால் பழைய குரல் இல்லை. இறங்கி, கொஞ்சம் மணல் கலந்து வந்தது. விளம்பரத்துக்கு அது ஆகாது, பதிவே இருக்கட்டும், வண்டிகளை மட்டும் நீங்கள் சொல்லுங்கள் என்றது கம்பெனி. பொன்செல்வி ஒரு நாள் யோசித்து, சரி என்றாள். முதல் நாள் "இளையரசனேந்தல்" என்று சொன்னபோது கரிசல் முழுக்க அவள் கண்ணுக்குள் விரிந்தது. அடுத்த பெயருக்குப் போகச் சற்று நேரம் ஆயிற்று. முளைப்பாரி மண்சட்டிகளோடு நின்ற ஒரு பெரியவள் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள்.

"புதுசாம்மா நீ? முந்தி இருந்த பிள்ள எங்க?"

"நான்தான் அது."

"அவ படபடன்னு சொல்லுவா," என்று நம்பாமல் போனாள் அவள்.

புரட்டாசியில் மூன்று பேரும் மறுபடி பெயிண்ட் கடையில் கூடினார்கள். வெளியே தூறல். புது இதழில் கல்லன் இல்லாத ஐந்து பேரும் பக்கம் பக்கமாகப் பேசித் தீர்த்திருந்தார்கள். பெத்துராஜ், "இப்ப ஓட்டம் சரியா இருக்கு. ஆனா எதுக்கு ஓடுதாவன்னுதான் தெரியல," என்றார்.

"பேச்சு வேணும்னுதான் இப்பவும் சொல்லுதேன், அண்ணாச்சி," என்றாள் பொன்செல்வி. "எட்டுப் பக்கம் சரி, ஒத்துக்கிடுதேன். அதுக்காகச் செத்தவனை நெனச்சு அழுகிறவளுக்கும் ஒரு சொல் குடுக்கணும்லா? இங்கன பாருங்க, தூவானி அவன் பேரையே சொல்லல..." அதற்குள் தொண்டை கம்மியது. இருமினாள்.

ரிஸானா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "போதும்க்கா. மிச்சத்தை உங்களுக்காக நான் சண்டை போடுதேன்." பெத்துராஜ் பக்கம் திரும்பி உட்கார்ந்து, "என்ன அண்ணாச்சி, வசனம்னா உங்களுக்கு அவ்வளவு எளக்காரமா?" என்று ஆரம்பித்தாள்.

வசனத்தைப் பற்றி அவள் சொன்னதில் பாதி தப்பு. பொன்செல்வி வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு, அப்படி இல்லை, இப்படி என்று கையால் மட்டும் திருத்திக்கொண்டிருந்தாள். மழை வலுத்தது. பெத்துராஜ் எழுந்துபோய் ஷட்டரை இன்னும் ஒரு முழம் இறக்கிவிட்டு வந்து, பதில் சொல்ல நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டார்.