காதெல்லோவின் முட்டி

மீனுக்குச் செதிள் உரித்தபடியே பேராலயத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருக்கிறார் காதெல்லோ.

"தலைய கிரேக்கனுக்குக் குடுத்தாச்சு. தோள்பட்டைய ஸ்காட்லாந்துக்காரன் வாங்கிட்டுப் போயிட்டான். அமால்ஃபிக்கு மிச்சம் மீதிதான். ஆனா கனம் மட்டும் குறையுதா பாரு!"

திட்டு வாங்குபவர் அப்போஸ்தலர் அந்திரேயா. பல ஊர்களுக்குப் பங்கு போனது போக, அவருடைய மிச்ச எலும்புகள் இத்தாலிக் கடலோரத்தில் எங்கள் அமால்ஃபிப் பேராலயத்தின் நிலவறையில் இருக்கின்றன. வருடாவருடம் திருநாளில் காதெல்லோ சுமப்பது அவருடைய வெள்ளிச் சிலையை, அந்தச் சுரூபத்தை. அதற்கும் எலும்புக்கும் சம்பந்தமில்லை. எதிர்க்கடையில் எலுமிச்சை விற்கும் நான் இதை ஒருமுறை சொல்லப்போக, மீன் கத்தியைக் காட்டினார்.

வலது தோளில் அவருக்கு ஒரு கழலை உண்டு. யாராவது பேரம் பேசினால் சட்டையை விலக்கிக் காட்டுவார். "அப்போஸ்தலரைத் தூக்குன தோளு. எங்கிட்டயா பேரம்?" பாதிப் பேர் பயந்து வாங்கிவிடுவார்கள்.

திருநாளன்று சுரூபத்தைக் கடற்கரைக்குக் கொண்டுபோய்த் திரும்பும்போது, பேராலயப் படிக்கட்டில் ஒரே ஓட்டமாக ஏற வேண்டும். நடுவில் நின்றால் ஊருக்கு ஆகாத வருடம். தடுக்கியவன் பெயர் அவன் செத்தாலும் சாகாது. காதெல்லோவுக்கோ இந்த வருடம் வலது முட்டி போய்விட்டது.

"கீழ விழுந்தா ஒன் எலும்பை எந்த ஊர்க்காரனும் பங்கு கேட்டு வரமாட்டான்யா. நான்தான் பொறுக்கணும்" என்றாள் மனைவி திரொஃபிமேனா.

"ஓரமா நில்லுங்க மச்சான்" என்றான் அவள் தம்பி ரோக்கோ. சுமப்பவர்களுக்கு அவன்தான் தலைவன்.

"ஒங்க அக்காவையே இத்தனை வருசமா சுமக்குறேன். படிக்கட்டு எம்மாத்திரம்?"

திருநாளுக்கு முந்தின நாள், அப்போஸ்தலரின் கல்லறையில் ஊறும் புனித நீரைப் பஞ்சில் தொட்டுத் தருவார்கள். வரிசையில் நின்ற காதெல்லோ பங்குச் சாமியாரிடம் கேட்டார்: "சாமி, அவரோட வலது முட்டி நம்மகிட்ட இருக்கா, இல்ல அதையும் யாருக்காவது குடுத்துட்டீங்களா? முட்டியே இல்லாதவர்கிட்ட முட்டிக்கு வேண்டி என்ன பிரயோசனம்?"

"பின்னாடி ஆள் நிக்குது காதெல்லோ."

"மழுப்புறார். அப்ப இல்ல" என்று என்னிடம் சொன்னார். ஆனாலும் பஞ்சை முட்டியில் அழுத்தித் தேய்த்துக்கொண்டார்.

மறுநாள் மழை. படிகள் வழுக்கின. கடற்கரையிலிருந்து திரும்பிப் படிக்கட்டின் அடிக்கு வந்தபோது, சுரூபத்தைத் தாங்கும் முன்கட்டையின் கீழே காதெல்லோதான் நின்றார். ஓட்டத்துக்கு முன் ஒருமுறை முட்டியை மடக்கிப் பார்த்தார். அவர் முகம் வெளுத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"ரோக்கோ, வாடா. எடத்தப் பிடி."

ரோக்கோ தோள் கொடுத்ததும் விலகி நின்று சுரூபத்தை அண்ணாந்து பார்த்தார். "ஒனக்கும் முட்டி இல்ல, எனக்கும் இல்ல. கணக்குத் தீந்துச்சு. போய்ச் சேரு."

ஓடினார்கள். எங்கும் நிற்காமல் உச்சிக்குப் போய்விட்டார்கள். ஊரே கத்தியது; வெடி வெடித்தது. காதெல்லோ கீழ்ப்படியில் மழையில் நின்றுகொண்டிருந்தார். வலது தோள் தாழ்ந்திருந்தது. கை அதற்கு மேலே உயர்ந்து, அங்கே இல்லாத கட்டையை இறுகப் பிடித்திருந்தது.