ஒரு படத்துக்கு ஒரு சூரியன்

2023 மே 31, புதன்கிழமை. அறுபது வயது நிறைந்த ஓவிய ஆசிரியை தமிழ்ச்செல்வி பணி ஓய்வு பெறும் நாள். திருச்செங்கோட்டை ஒட்டிய அந்த உயர்நிலைப் பள்ளியின் வாசலுக்கு வந்தவர், உள்ளே நுழையாமல் அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டார். வாசலுக்கு மேலே இருபதடி அகலத்தில் ஒரு ஃபிளெக்ஸ் பேனர். அதில் அவரே சிரித்துக்கொண்டிருந்தார்.

பதினைந்து ஆண்டுகளாக வகுப்புதோறும் அவர் சொல்லிவந்த வாக்கியம் ஊருக்கே தெரியும்: "என்ற மூஞ்சி ஃபிளெக்ஸ்ல வந்தா அதுக்குக் கீழ நான் போவமாட்டேன். போனா என்னை டீச்சர்னு கூப்புடாதீங்க."

வெறும் வீம்பன்று. நடிகரின் பேனருக்குப் பாலூற்றுகிறவர்களை அவர் ஒருபோதும் திட்டியதில்லை. அது அவரவர் பக்தி. நாயகனின் வலக்கை இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு இடக்கையை ஒட்டியிருப்பதைக்கூடக் கவனிக்காமல் ஊற்றுகிறார்களே என்பதுதான் அவருக்கு ஆறாத அருவருப்பு. கலியாண வீடுகளில் 'பூமியைக் காப்போம்' என்று அச்சிட்டுக் கொடுத்த துணிப்பைகள் நாற்பத்து மூன்று அவர் வீட்டுப் பரணில் கிடந்தன. கடைக்குப் போகும்போது அவர் எடுத்தது 1998-இல் பழைய பாவாடையில் தைத்த பையைத்தான். ஒருமுறை கல்லூரி ஒன்றில் கழிவுப் பொருள் சிற்பப் போட்டிக்கு நடுவராகப் போனார். மாணவர்கள் தண்ணீர்ப் பாட்டில்களைப் பெட்டி பெட்டியாகப் புதிதாக வாங்கி, தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிட்டு மயில் செய்திருந்தார்கள். ஆயிரம் அடி துளைத்தாலும் புழுதி மட்டுமே வருகிற ஊரில்! பூஜ்யம் என்று எழுதிக்கொடுத்துவிட்டுத் தேநீர்கூடக் குடிக்காமல் திரும்பினார். மறுவருடம் அதே கல்லூரி சுற்றுச்சூழல் விருது வாங்க அழைத்தபோது, "சோத்துக் கையக் கழுவுறதுக்கும் விருது உண்டுங்களா?" என்று கேட்டுத் தொலைபேசியை வைத்தார்.

இப்போது அந்தப் பேனரில் 'இயற்கையின் காவலரே!' என்ற வரி, கிளிகள் இரண்டு, எந்த நாட்டினதோ ஓர் அருவி, சல்யூட் அடிக்கும் ஒரு நடிகர். அத்தனையும் பிளாஸ்டிக்கின் மேல்.

அச்சிட்டவன் அவருடைய பழைய மாணவன் ஜீவா. இப்போது சங்ககிரி சாலையில் அச்சுக்கடை வைத்திருப்பவன். அன்பளிப்பாகத் தானே கொண்டுவந்து கட்டிவிட்டுக் கைகட்டி நின்றான். உள்ளே நூற்றுக்கும் மேற்பட்டோர் காத்திருந்தார்கள். நுழைந்தால் சொன்ன சொல் போகும். திரும்பினால் ஊரறிய ஜீவாவின் முகம் தொங்கும்.

"நல்லா இருக்குதுங்களா டீச்சர்?"

"யாருடா இது?"

"நீங்கதானுங்க."

"கழுத்து?"

ஜீவா தலையைச் சொறிந்தான். "கழுத்துல இருந்து கீழ நெட்ல எடுத்ததுங்க. பட்டுச்சீலையோட வேணுமுன்னு..."

"கன்னத்துல மச்சம் எங்க?"

"அழுக்காட்டத் தெரிஞ்சுதுங்க. தொடச்சுட்டேன்."

"அறுவது வருசமா என்ற மூஞ்சில இருக்கறது உனக்கு அழுக்கு!"

கணவர் சின்னுசாமி உள்ளிருந்து வந்தார். "ஏம்புள்ள, ஆளுக பூரா உக்காந்திருக்கறாங்க. கண்ண மூடிட்டு உள்ள வந்துரு."

"கண்ண மூடறதுக்கா இத்தன வருசம் சம்பளம் வாங்குனேன்?"

காவலாளி அம்மாசி மெல்ல நெருங்கினார். "டீச்சருங்க, முடிஞ்சதும் இத எனக்குக் குடுத்துருங்க. ஆட்டுப்பட்டி ஒழுவுது."

அன்று காலை அந்த வாசலில் பேசப்பட்ட முதல் அறிவுள்ள பேச்சு அதுதான். தமிழ்ச்செல்வி ஒரு கணம் அம்மாசியைப் பார்த்தார்.

"இப்பவே எடுத்துக்கலாம். அதுக்கு முன்னால கேட்டுக்கு அடிச்ச பழுப்புப் பெயிண்டுல மிச்சம் இருந்தாக் கொண்டா. பிரஷ்ஷும் ஏணியும் வேணும்."

ஆடுகளுக்கே போனாலும், தப்பான படத்தைத் தம் பெயரோடு அனுப்ப அவரால் முடியாது. கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினார். பெயிண்ட் டப்பாவை ஏந்தியபடி ஏணியைப் பிடித்துக்கொண்டான் ஜீவா. முதலில் மச்சம். பிறகு கோதுமை நிறத்துக்கு வெளுத்திருந்த கன்னத்தில் பழுப்பை ஒற்றி ஒற்றித் தம் நிறத்துக்குக் கொண்டுவந்தார். 'இயற்கையின் காவலரே' என்பதன் மேல் அகலத் தூரிகை ஒருமுறை போய்வந்தது. தலைமையாசிரியர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

"ஜீவா, மூஞ்சிக்கு வெளிச்சம் எங்கிருந்து வருது?"

"இடப்பக்கங்க."

"ஒடம்புக்கு?"

ஜீவா பேனரின் பட்டுச்சீலையை அண்ணாந்து பார்த்தான். "வலப்பக்கங்க."

"எட்டாவதுல என்ன சொல்லிக்குடுத்தேன்?"

"ஒரு படத்துக்கு ஒரு சூரியன்னு சொன்னீங்க."

அந்தச் சூரியனைத் திருத்த நாற்பது நிமிடங்கள் ஆயின. இறங்கியதும் ஜீவா மேலே பார்த்தான். "இப்ப உங்களாட்டவே இருக்குதுங்க டீச்சர்."

"அம்பதுக்குப் பதினேழு. கழுத்து இன்னமும் அந்த நெட்டுக்காரியோடதுதான். கட்ட அவுத்து எறக்கு."

ஜீவாவே ஏறி முடிச்சுகளை அவிழ்த்தான். அம்மாசி சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போனார். வெறும் கம்பங்களுக்கு நடுவே தமிழ்ச்செல்வி உள்ளே நடந்தார். "டீச்சர், இப்பிடி வாங்க" என்று யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.

குடும்ப ஆல்பத்தில் அந்த நாளுக்கு ஒரு படம்தான் இருக்கிறது. மாலையோடு எடுத்தவற்றைச் சேர்க்க அவர் சம்மதிக்கவில்லை. ஏணியின் மேல் அவருடைய முதுகு. கீழே, டப்பாவை ஏந்தி அண்ணாந்து பார்க்கும் ஜீவா. வெளிச்சம் இருவர் மேலும் இடப்பக்கமிருந்தே விழுகிறது.