மாதங்கி திருப்பிவிட்ட ஒளி

மாதங்கி என்ன வேலை பார்க்கிறாள் என்பது கல்கத்தா பவானிபூரில் அவள் குடியிருக்கும் தெருவில் யாருக்கும் சரியாகத் தெரியாது. "லைட் சம்பந்தப்பட்ட வேலை" என்று அவள் கணவன் ஸ்ரீநிவாஸ் ஒருமுறை யாரிடமோ சொல்லிவைத்தான். அதை நம்பி அடுத்த வீட்டு ஷிப்ரா காக்கிமா (காக்கிமா என்றால் சித்தி) தெருவின் துர்க்கா பூஜைக் கமிட்டி சார்பில் வந்துவிட்டார். பந்தல் வாசலில் மயில் தோகை விரிகிற மாதிரி சீரியல் விளக்கு அவள் கம்பெனியில் கிடைக்குமா என்று கேட்டார்.

"கிடைக்காது காக்கிமா. என்னோட லைட் கண்ணுக்கே தெரியாது" என்றாள் மாதங்கி.

"கண்ணுக்குத் தெரியாத லைட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?" என்று வங்காளத்தில் அலுத்துக்கொண்டு போனார் அவர்.

மாதங்கிக்கு நாற்பத்துநான்கு வயது. அவள் கொள்ளுத்தாத்தா ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தாவாக வந்து இறங்கியதிலிருந்து குடும்பம் இந்த ஊரில்தான். வீட்டுக்குள் தஞ்சாவூர்த் தமிழ், வாசலைத் தாண்டினால் வங்காளம், சால்ட் லேக் ஐந்தாம் செக்டரில் ஆபீஸ் லிப்டுக்குள் நுழைந்தால் ஆங்கிலம். அங்கே ஒரு டெலிகாம் நிறுவனத்தில் இருபது வருஷமாக ஒளிக்கம்பிப் பிரிவில் இருக்கிறாள். தலைமயிர் அளவுக் கண்ணாடி இழை ஒன்றில் பல நிற ஒளிகளை அனுப்பி, எந்த நிறம் எந்தப் பாதையில் போகவேண்டும் என்று தீர்மானிப்பதுதான் அவள் வேலை.

அவள் சேர்ந்த காலத்தில் ஒவ்வொரு ஒளிக்கும் ஒரே பாதை, ஒரே வேகம். ஒன்றை மாற்றவேண்டும் என்றால் கரியாஹாட் நிலையத்துக்கு ஆள் போய், இங்கே பிடுங்கி அங்கே செருகவேண்டும். ஒரு மாற்றத்துக்கு மூன்று வாரம் பிடிக்கும். அதில் இரண்டு வாரம் கையெழுத்துக்கு. அப்போது அது யாருக்கும் பெரிய தொல்லையாக இல்லை. டெலிபோன் தனி வலையில் ஓடியது, இன்டர்நெட் தனி வலையில் ஓடியது, அளவும் நாளுக்கு நாள் அதிகம் மாறாது. பிறகு போன், டிவி, பாங்க், பள்ளிக்கூடம் எல்லாமே இன்டர்நெட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன. கிரிக்கெட் மாட்ச் நாளில் ஒரு பக்கம் பொங்கி வழியும். பூஜை வந்தால் தெற்குக் கல்கத்தா முழுக்க வீடியோ எடுத்து அனுப்பும். அசையாத பாதையை வைத்துக்கொண்டு இதைச் சமாளிக்க முடியாது என்று மாதங்கி மேலிடத்துக்கு இரண்டு வருஷம் விடாமல் எழுதினாள். கடைசியில், உட்கார்ந்த இடத்திலிருந்து கட்டளை கொடுத்தால் ஒளி பாதை மாறும், வேகம் மாறும் கருவிகள் ஏழு நிலையங்களுக்கு வந்து சேர்ந்தன.

வந்தபோது கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. புதிதாக மேலாளராக வந்திருந்த அனந்தகிருஷ்ணன், முன்பு வேறு ஊரில் இதேபோன்ற கருவி தானாகப் பாதை மாற்றப்போய், முன்னும் பின்னும் தாவித் தாவி ஒரு காலைப்பொழுதையே கெடுத்ததைப் பார்த்தவர். "தானா மாறற வசதியை அணைச்சு வைங்கோ. நான் சரின்னு சொன்னப்புறம்தான் கை வைக்கணும்" என்று எழுத்திலேயே கொடுத்துவிட்டார்.

அந்த ஆகஸ்டில் பவானிபூரின் பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சை மூடுவதென்று முடிவாயிற்று. மிச்சமிருந்த நான்காயிரம் லைன்களையும் இன்டர்நெட் வழிப் போனுக்கு மாற்றவேண்டும். எல்லோரும் மாறினார்கள், ஷிப்ரா காக்கிமா மாறவில்லை.

அவருக்குக் காரணம் இருந்தது. அவர் நடத்துவது ஒரு ஆயா சென்டர். படுத்த படுக்கையாக இருப்பவர்களையும் கைக்குழந்தைகளையும் பார்த்துக்கொள்ள வீடுகளுக்குப் பெண்களை அனுப்பும் இடம். முப்பத்தொரு வருஷமாக அந்த ஒரு நம்பர்தான் பாதிப் பவானிபூரின் ஃபிரிட்ஜ் கதவுகளில் ஒட்டியிருந்தது.

"என் கறுப்பு போன் கரன்ட் போனாலும் பேசும். உன்னுடையது பேசுமா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. மாதங்கி யோசித்து, புதுப் போனின் இணைப்புப் பெட்டியோடு கூட ஒரு பாட்டரியும் வைக்கச் சொன்னாள். "நம்பர் மாறாது காக்கிமா. போன் போகாது. நான் சொல்றேன்" என்றாள். அந்த வாக்கை நம்பித்தான் அவர் கடைசி ஆளாகக் கையெழுத்துப் போட்டார்.

துர்க்கா பூஜைச் சதுர்த்திக்கு முந்தின நாள், காலை பதினொன்று. மாதங்கியின் திரையில் பவானிபூர்ப் பக்கம் முழுக்கச் சிவந்துவிட்டது. கரியாஹாட்டில் விளம்பர வளைவு நட யாரோ மெஷின் வைத்துத் துளை போட்டதில் கேபிள் அறுந்திருந்தது. பார்க் ஸ்ட்ரீட் வழியாகப் போகும் இரண்டாவது பாதையோ வேறொரு சாலை வேலைக்காக முந்தின நாள்தான் கழற்றப்பட்டிருந்தது. பக்கத்திலேயே இருந்து சம்பவ இடத்துக்கு ஓடிய உத்தமன் போன் செய்தான். கேபிள் ஒட்டும் பிரிவில் பன்னிரண்டு வருஷம் பழுத்தவன்.

"அக்கா, நாலு மணி நேரம் ஆகும். மேல வளைவை நட்டுட்டாங்க. அதை எடுக்கச் சொன்னா சண்டைக்கு வர்றாங்க."

அவன் வைத்த கையோடு அவள் செல்போன் மறுபடி அடித்தது. கூப்பிட்டவரின் செல்போன் வேறு கம்பெனிச் சேவை, அதனால் பிழைத்தது. ஷிப்ரா காக்கிமா.

"செத்துப்போயிற்று உன் போன்! ஹாஜ்ரா ரோட்டில் பக்கவாதம் வந்த ஒருவருக்குக் காலை ஆயா போகவில்லை. வீட்டில் வேறு ஆளில்லை. அவருடைய பெண் பெங்களூரிலிருந்து இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே போன் போய்விட்டது, இப்போது மறுபடி அடித்துக்கொண்டிருப்பாள். அவளுக்குத் தெரிந்தது அந்த நம்பர் ஒன்றுதான். பதிலுக்கு அனுப்ப ஆள் என்னிடம் உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் எந்த வீடு, எந்த மாடி? புதிதாகச் சேர்ந்த வீட்டுக்காரர்கள், விலாசம் அந்த ஆயாவிடம்தான் இருக்கிறது. அவளும் எடுக்கவில்லை."

மாதங்கிக்கு நான்காயிரம் லைன் என்பது திரையில் ஒரு எண். இது வேறு.

மூன்றாவது பாதை ஒன்று இருந்தது. ஹூக்ளியைத் தாண்டி ஹௌரா, அங்கிருந்து வடக்கே பாலி, மறுபடி ஆற்றைத் தாண்டி டம்டம், பிறகு சால்ட் லேக். ஊரைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வழி. பழைய நாளாக இருந்தால் நான்கு நிலையங்களுக்கு நான்கு ஜீப் போகவேண்டும். இப்போது நாற்காலியை விட்டு எழவேண்டியதில்லை. அனுமதி மட்டும் வேண்டும். அனந்தகிருஷ்ணன் சென்னை விமானத்தில் இருந்தார். இறங்க இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரம்.

இரண்டு தடவை அவர் நம்பருக்கு அடித்துப் பார்த்தாள். பிறகு, "காத்திருக்க முடியவில்லை, பாதையை மாற்றுகிறேன். பொறுப்பு என்னுடையது. மாதங்கி" என்று ஒரு செய்தி அனுப்பிவிட்டுக் கட்டளையைத் தட்டினாள்.

ஒளி திரும்பியது. ஆனால் எதிர்முனையில் பிழைக் கணக்கு மளமளவென்று ஏறியது. சுற்றுவழி நீளம் என்பது மட்டுமல்ல, பல முறை அறுந்து பல முறை ஒட்டிய பழைய இழை அது. அதில் வழக்கமான வேகத்தில் அனுப்பினால் பாதி வழியிலேயே குழம்பிப்போகும். மாதங்கிக்குப் பேராசை விடவில்லை. கால்பங்கு மட்டும் குறைத்துப் பார்த்தாள். அப்போதும் பிழை. உதட்டைக் கடித்துக்கொண்டு பாதியாகக் குறைத்தாள். நிதானமாக, தெளிவாகப் பேசுகிறவர் குரல் தூரத்தில் புரிவதுபோல, அந்த வேகத்தில் ஒளி போய்ச் சேர்ந்தது. பிழை பூஜ்யம்.

பாதி வேகத்தில் எல்லாவற்றையும் ஏற்ற முடியாது. குரலுக்குத் தேவைப்படும் இடம் மிகக் கொஞ்சம். அதை முதலில் ஏற்றினாள். அடுத்து ஆஸ்பத்திரிகள், பாங்குகள். சினிமாவும் வீடியோவும் மிச்சத்தில் முட்டி மோதிக்கொள்ளட்டும் என்று விட்டாள். கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று பத்தொன்பது.

ஷிப்ரா காக்கிமாவின் சென்டர் நம்பருக்கு அடித்தால் பிஸி. மறுபடி பிஸி. அன்றுவரை அந்தச் சத்தத்தை அவள் அவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை. பன்னிரண்டு மணிக்கு அவரே கூப்பிட்டார். பெங்களூர்ப் பெண் கிடைத்துவிட்டாள், மாற்று ஆயா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள், பெரியவர் பசியோடு இருந்ததைத் தவிர வேறு ஒன்றுமில்லை, இப்போது கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறார். இதையெல்லாம் சொல்லிவிட்டு, "இருபது நிமிஷம் செத்திருந்தது. கறுப்பு போன் இப்படிச் செய்ததில்லை" என்று முடித்தார்.

"வாஸ்தவம்தான் காக்கிமா" என்றாள் மாதங்கி.

அனந்தகிருஷ்ணன் விமானத்திலிருந்து இறங்கியதும் கூப்பிட்டார். குரல் ஏறவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"ரூல் உங்களுக்குத் தெரியும் இல்லையா?"

"தெரியும் சார்."

"இன்னொரு தரம் இப்படி ஆனா?"

"இதேதான் சார் பண்ணுவேன். ஆனா முதல்லயே பாதி வேகத்துல விடுவேன். இன்னிக்கு ரெண்டு நிமிஷம் என்னோட ஆசையால வீணாப்போச்சு."

"பதிவு எல்லாத்தையும் அனுப்புங்கோ. நான் உக்காந்து பாக்கறேன்" என்றார்.

பூஜை விடுமுறை முடிந்ததும் அவளுக்கு இரண்டு காகிதங்கள் வந்தன. ஒன்று, அனுமதியின்றி வலையைத் தொட்டதற்கு எச்சரிக்கைக் கடிதம். இரண்டாவது, குரல் சேவைக்கு மட்டும் ஒளி தானாகவே பாதை மாறலாம், எந்த வேகத்தில் என்பதற்கான அட்டவணையை மாதங்கி தயாரிக்கவேண்டும் என்ற உத்தரவு. இரண்டிலும் ஒரே தேதி, ஒரே கையெழுத்து. ஸ்ரீநிவாஸ் இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்தான்.

"திட்டறாரா, பாராட்டறாரா?"

"ரெண்டும்தான். நியாயமான மனுஷர்" என்றாள் மாதங்கி. எச்சரிக்கைக் கடிதத்தால் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்தது. மறைக்கவில்லை, அன்று மாலை முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் அட்டவணையில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு பாதையாக, ஒவ்வொரு வேகமாகச் சோதித்து முடிக்க ஐந்து வாரம் ஆயிற்று.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜதுபாபு பஜாரில் காலிப்ளவர் பொறுக்கிக்கொண்டிருந்தபோது செல்போன் லேசாக அதிர்ந்தது. சியால்டாவில் இழை அறுந்திருக்கிறது. குரல் ஒளி தானாகவே வேறு பாதைக்குப் போய்விட்டது. இரண்டு நொடிக்கும் குறைவு. யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

மாதங்கி செய்தியை இன்னொரு முறை படித்தாள். ஓடவேண்டியதில்லை, யாரையும் கூப்பிடவேண்டியதில்லை. பெருமையாகத்தான் இருந்தது. தன்னை யாரும் தேடவில்லையே என்று ஒரு சின்ன ஏமாற்றமும் இருந்தது, தன்மேலேயே சிரிப்பும் வந்தது.

"தீதி, எடுக்கிறீர்களா இல்லையா?" என்று கடைக்காரர் வங்காளத்தில் கேட்டார்.

"ரெண்டு குடுங்க" என்று தமிழில் சொல்லிவிட்டு, பிறகு நினைவு வந்து வங்காளத்தில் திருத்திச் சொன்னாள்.