கொரியனும் மலாயும் அக்கா தங்கை

கொரியனும் மலாயும் அக்கா தங்கை மொழிகள் என்று ஒரு வருஷத்துக்கு மேல் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. ஷேர் ஆட்டோவில், ரேஷன் கடை வரிசையில், தங்கை வீட்டு விசேஷத்தில் என்று கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் சொல்லியும் வைத்தேன். இரண்டும் தெரிந்த ஆள் காஞ்சிபுரத்திலேயே நான் ஒருத்திதான் என்ற மிதப்பு வேறு. கல்லூரியில் படிக்கும் என் தங்கை மகள் மட்டும், "இல்ல பெரிம்மா, நா பாக்குற கொரியன் சீரியல்ல யாரும் அப்படிப் பேசல" என்று ஒருமுறை சொன்னாள். சீரியலில் யார் குழந்தைக்குப் பால் கொடுக்கிறார்கள், குளிப்பாட்டுகிறார்கள் என்று கேட்டு அவள் வாயை அடைத்துவிட்டேன்.

மலாய் எனக்கு மலேசியாவில், ஈப்போவில் வந்தது. படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு மலாய்க்கார அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அங்கே போயிருந்தேன். அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று நின்று கற்றுக்கொண்ட மொழி அது. பால், குளியல், சூடு, வலி, பயம், மெதுவாக, தீர்ந்துவிட்டது, இவ்வளவு வார்த்தைகள்தான். அந்த அறைக்குள் வேறு எதுவும் தேவைப்படவில்லை. சந்தையில் போய்ப் பேரம் பேசச் சொன்னால் எனக்கு வாய் வராது. ஆனால் அந்த அம்மா முனகினால், அரை வார்த்தையிலேயே என்ன வேண்டும் என்று தெரிந்துவிடும். அவர் போன பிறகு எனக்கு அங்கே வேலை இல்லாமல் போக, ஊர் திரும்பினேன்.

கொரியன் என்னைத் தேடி வந்தது. இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குக் கொரியாவிலிருந்து வருகிறவர்களில் ஒருவர், வாலாஜாபாத் போகும் வழியில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில் குடும்பத்தோடு குடியேறியிருந்தார். ஒரு பெண் குழந்தை, அப்போதுதான் ஒரு வயது முடிந்திருந்தது. குழந்தையின் தாய் வீட்டிலிருந்தபடியே தன் ஊர் ஆபீசுக்குக் கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவள். பகல் முழுக்க அவள் அறைக்கதவு மூடியிருக்கும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள என்னை வைத்தார்கள்.

முதல் நாள் அவள் தன் செல்போனைப் பார்த்து ஏதோ பேசினாள். அது தமிழில் சொன்னது: "குழந்தையுடன் நிறைய பேசுங்கள். எது வேண்டுமானாலும் பேசுங்கள்."

தலையாட்டிவிட்டேன். என்ன பேசுவது? அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து "சாப்டுறியா கண்ணு" என்று கேட்க எனக்கு நாக்கு கூசியது. வெளிநாட்டுப் பிள்ளைக்கு வெளிநாட்டுப் பாஷை என்று என் மண்டைக்குள் யார் எழுதி வைத்தார்களோ தெரியவில்லை. என் வாயில் இருந்த வெளிநாட்டுப் பாஷை ஒன்றே ஒன்றுதான், அது தானாக வந்தது. பாலைக் காட்டி 'சுசு' என்றேன். குளிக்கிற தொட்டியைக் காட்டி 'மண்டி' என்றேன். கிண்ணம் காலியானதும் 'ஹாபிஸ்' என்றேன். கொரியன் நாலு வார்த்தை கற்றுக்கொள்ளும் வரை மலாயில் சமாளிப்போம் என்பதுதான் என் எண்ணம்.

சில மாதம் போனது. ஒரு நாள் காலை, தாய் பால் புட்டியைத் தூக்கிக் காட்டிக் குழந்தையிடம் 'சுசு' என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மலாய் வார்த்தை இவளுக்கு எப்படித் தெரியும்? கொஞ்ச நாளில், குளிப்பாட்டும்போது 'மண்டி, மண்டி' என்று ராகம் போட்டாள். காலிக் கிண்ணத்தைக் கவிழ்த்து 'ஹாபிஸ்' என்று சிரித்தாள். ஆக, கொரியனிலும் பால் சுசுதான், குளியல் மண்டிதான். கப்பல் போய்வந்த ஊர்கள், சொல்லும் கூடவே போயிருக்கும் என்று காரணமும் நானே சொல்லிக்கொண்டேன். மலாய்க்காரர்கள் கடையைக் 'கெடாய்' என்பார்கள், கப்பலைக் 'கப்பால்' என்பார்கள், அதெல்லாம் நம்மிடமிருந்து போனவைதானே. கொரியனில் அப்பாவுக்கு அப்பாதான், அம்மாவுக்கு 'ஒம்மா'. எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம்போல என்று நினைத்துக்கொண்டேன்.

கூர்ந்து கேட்டால் இடித்தது. மலாயில் 'மாக்கான்' என்றால் சாப்பிட்டேன், சாப்பிடுகிறேன், சாப்பிடுவேன் எல்லாம் அதுதான். நேற்றா நாளையா என்பதைத் தனியாகச் சொல்லிக்கொள்ள வேண்டும். நிறைய பிள்ளைகள் என்றால் பிள்ளை பிள்ளை என்று இரண்டு தரம் சொன்னால் போதும். கொரியனில் நம்மைப் போலவே வினைச்சொல் கடைசியில் வந்து உட்காரும். அதன் வால் எதிரே இருப்பவருக்குத் தக்கபடி மாறும். கணவனின் மேலதிகாரியோடு போனில் பேசும்போது நீளமாகக் குழையும் அந்த வால், குழந்தையிடம் வரும்போது வெட்டுப்பட்டுவிடும். நம் 'ங்க' மாதிரி. நடை உடை எல்லாம் இப்படி வேறு வேறாக இருக்க, வார்த்தை மட்டும் எப்படி ஒன்றாக இருக்கிறது? குழப்பமாகத்தான் இருந்தது. அக்கா தங்கை என்றால் குணமும் ஒன்றாகவா இருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டேன். எனக்கும் என் தங்கைக்கும் இல்லாத வித்தியாசமா?

இரண்டரை வயதில் குழந்தை என்னோடு வாயாடித் தீர்த்தது. என்னை 'இமோ' என்று கூப்பிடும். சித்தி என்று அர்த்தம், தாய் சொல்லிக்கொடுத்தது. வயிறு வலித்தால் சொல்லும், தரை சுட்டால் சொல்லும், மெதுவாக நட என்று எனக்கே உத்தரவு போடும். கொரியனில் வெளுத்து வாங்குகிறதே என்று பூரித்துப்போனேன். எது என்னிடமிருந்து போனது, எது தாயிடமிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்கத் தோன்றவே இல்லை. மயில்கழுத்துப் பட்டில் பாவு நூல் ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒரு நிறம். நெய்து முடித்த பிறகு, இது பச்சை, இது நீலம் என்று விரல் வைத்துக் காட்ட யாராலும் ஆகாது. என் வாயும் அப்படித்தான் ஆகியிருந்தது.

ஒரு நாள் குழந்தையைச் சென்னையில் பேச்சுப் பயிற்சி டாக்டர் ஒருவரிடம் காட்டிவிட்டு வந்தார்கள். தாயின் கண்கள் சிவந்திருந்தன. செல்போனை என் முன்னால் வைத்துப் பேசினாள். அது செய்தி வாசிக்கிற குரலில் சொன்னது: "குழந்தை பேசுவது எந்த மொழியும் இல்லை என்று மருத்துவர் கூறுகிறார். அடுத்த மாதம் நானும் குழந்தையும் எங்கள் நாட்டுக்குத் திரும்புகிறோம். அங்கே சிகிச்சை. என் கணவர் மட்டும் இங்கே இருப்பார்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "இன்னா மேடம், என்னாண்ட எவ்ளோ நல்லா பேசுது" என்று தமிழிலேயே கத்தினேன். தமிழ் டாக்டருக்குக் கொரியன் எப்படித் தெரியும்? பகலெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறவளுக்குப் பிள்ளையின் பேச்சு எங்கே காதில் விழும்? கோபம் அடங்கியதும்தான் உறைத்தது. ஒழுங்காகப் பேசுகிற பிள்ளையைக் குறை சொல்லி விமானம் ஏற்றிவிடப் போகிறார்கள். அது போய்விட்டால் நான் என்ன செய்வேன்? வேலை வேறு கிடைக்கும், இந்தப் பிள்ளை கிடைக்காது.

மறுநாளே தங்கை மகளை இழுத்துக்கொண்டு போனேன். சீரியல் பார்த்தாவது அந்த மொழியைக் கற்றுக்கொண்டவள் அவள். குழந்தை நன்றாகப் பேசுகிறது என்று கொரியனிலேயே எடுத்துச் சொன்னால் தாய் நம்புவாள் என்பது என் கணக்கு.

குழந்தை எங்களைப் பார்த்ததும் ஓடி வந்து காலிக் கிண்ணத்தைக் காட்டி "ஹாபிஸ்" என்றது. பிறகு என் புடவையைப் பிடித்து இழுத்து, வெயிலில் சுடும் பால்கனித் தரையைக் காட்டி "இமோ, பனாஸ்" என்றது.

"பாத்தியாடி, எவ்ளோ தெளிவா பேசுது," என்றேன்.

தங்கை மகள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "பெரிம்மா, இமோன்றது மட்டும்தான் கொரியன். மத்தது இல்ல."

"அப்பறம் இன்னா? அவ அம்மாவே அப்படித்தான் பேசிக்கினு இருக்குது."

அவள் தாயிடம் கொரியனில் ஏதோ கேட்டாள். தாய் பதில் சொன்னாள், நடுவில் என்னைக் கைகாட்டினாள். தங்கை மகள் திரும்பினாள்.

"அவங்க உன்னாண்டருந்துதான் கத்துக்கினாங்களாம். சுசு, மண்டி எல்லாம் தமிழ்னு நெனச்சிக்கினு இருக்காங்க. டாக்டராண்டயும் வீட்ல கொரியனும் தமிழும்னுதான் சொல்லியிருக்காங்க."

"தமிழா? நா எங்கடி அதுகிட்ட தமிழ் பேசுனேன்?"

"அதான் பெரிம்மா கேக்குறேன். நீ இன்னாதான் பேசுன?"

"மலாய்டி," என்றேன், சொல்லும்போதே விளங்கிவிட்டது. என் மலாயைத் தமிழ் என்று எடுத்துக்கொண்டு அவள் திருப்பிச் சொல்லியிருக்கிறாள். அவள் திருப்பிச் சொன்னதைக் கொரியன் என்று எடுத்துக்கொண்டு நான் பூரித்திருக்கிறேன். அக்காவும் இல்லை, தங்கையும் இல்லை, இரண்டு பக்கத்து வார்த்தையும் என் வாயிலிருந்து போனதுதான். நடுவில் ஒரு கொரியக் குழந்தை காஞ்சிபுரத்தில் உட்கார்ந்துகொண்டு, ஈப்போவில் இறந்துபோன ஓர் அம்மாவின் கடைசிக்கால வார்த்தைகளைப் பேசிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டிலில் கேட்டதும் இந்தத் தொட்டிலில் கேட்டதும் ஒன்றுதானே, பால், சூடு, வலி, பயம். அதனால்தான் எனக்கு எந்த இடத்திலும் தட்டவில்லை.

எல்லாவற்றையும் தங்கை மகள் எடுத்துச் சொன்னாள். தாய் திட்டுவாள், வேலையை விட்டு நிறுத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். செல்போனை அவள் தேடவே இல்லை. எனக்கே புரிந்தது, குழந்தைக்கு ஒன்றும் இல்லை.

டாக்டரும் அதையே சொல்லி, இனி அவரவர் மொழியில் பேசுங்கள் என்றாராம். பயணம் நின்றது. எனக்குத் தமிழ் என்று முடிவானது. தாய்க்கு மட்டும் ஒரு யோசனை. குழந்தைக்குத் தெரிந்த வார்த்தைகளை முதலில் தானும் கற்றுக்கொண்டு, அங்கிருந்து கொரியனுக்கு அழைத்துப் போகிறேன் என்றாள். மாலையில் கம்ப்யூட்டரைச் சீக்கிரம் மூடிவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள், ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். பிள்ளை தங்கிவிட்டதே என்று சந்தோஷப்பட வேண்டியவள், கொடுக்கக் கொடுக்க ஏன் இப்படிச் சோர்ந்துபோகிறேன் என்று எனக்கு விளங்கவில்லை.

அந்த மாதம் எங்கள் பக்கத்துக் கோயிலில் சாமி புறப்பாடு. மூவரும் வேடிக்கை பார்க்கப் போனோம். சாமி திரும்பும்போது மேளம் திடீரென்று நெருங்கிவிட, எங்களுக்கு நாலடி முன்னால் நின்ற குழந்தை வீரிட்டு அழுதது. நான் குனிந்து இரண்டு கையையும் நீட்டினேன். சொன்ன சொல்லை மீறாமல் தமிழில், "ஒண்ணும் இல்லமா, இங்க வா" என்றேன். குழந்தை என்னைப் பார்த்தது. யாரோ பேசுகிறார்கள் என்பது போலப் பார்த்தது. மலாயில் சொல்ல எனக்கு வாய் வரை வந்துவிட்டது.

பக்கத்தில் தாய் மண்டியிட்டு, "மரி சினி" என்றாள்.

இங்கே வா என்று அர்த்தம். முந்தின நாள்தான் நான் சொல்லிக்கொடுத்தது. குழந்தை என்னைத் தாண்டி ஓடி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது. என் கை நீட்டியபடியே இருந்தது. எனக்கு வலித்தது, பொறாமையாகவும் இருந்தது, அதை மறைப்பானேன். குழந்தையின் தோளுக்கு மேலே முகத்தைத் தூக்கி, சரியாகச் சொன்னேனா என்று தாய் என்னைப் பார்த்தாள். சரி என்று தலையாட்டினேன்.