அத்தான் போட்ட புள்ளடி

அந்தக் கடிதம் ஹவுன்ஸ்லோவில் அத்தான் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், புட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. அத்தான் என் அக்காவின் கணவர். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்குபவர். ரயிலில் காசு கட்டாமல் போனார் என்று அவர்மேல் வழக்கு. உண்மையில் அவர் ரயில் நிலைய வாசலில் இருந்த இயந்திரத்தில் பயண அட்டையைத் தொட்டிருக்கிறார். இயந்திரம் அதைப் பதியவில்லை. அட்டையில் காசும் இருந்தது.

எங்கள் குடும்பத்தில் ஆங்கிலக் கடிதம் வாசிக்கும் உத்தியோகம் என்னுடையது. கலியாண வீடுகளில் எல்லோரையும் வயிறு நோகச் சிரிக்கவைக்கும் இந்த வாய், அரச முத்திரையைக் கண்டால் உலர்ந்துபோகும். முதல் வரியிலேயே அத்தானை மறந்துவிட்டேன். என்னைத்தான் பிடிக்க வருகிறார்கள் என்று பட்டது. விலங்கு மாட்டினால் மணிக்கூட்டை எங்கே கட்டுவது என்பதுவரை யோசித்தேன். கடிதத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன: குற்றவாளி, குற்றவாளி இல்லை. ஒத்துக்கொண்டால் அபராதத்தில் மூன்றில் ஒன்று குறையும், நீதிமன்றப் படியே ஏறத் தேவையில்லை. மலிவு விற்பனை அறிவித்தல் மாதிரித்தான் அது என் கண்ணுக்குத் தெரிந்தது.

"நான் களவாப் போகேல்லையடா," என்றார் அத்தான்.

"உண்மை பொய் எல்லாம் பெரிய வழக்குக்கு, அத்தான். சின்ன வழக்குக்கு ஓமெண்டு சொல்லிப்போட்டு வெளியில வந்திட வேணும்."

எந்தச் சட்டத்தரணியும் எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை. ஊரில் சோதனைச் சாவடிகளில் வளர்ந்த புத்தி. துவக்கு வைத்திருப்பவன் கேட்டால் தலையாட்டு, கடதாசி நீட்டினால் கையெழுத்துப் போடு, உயிரோடு வீட்டுக்கு வா. அத்தானும் அதே சாவடிகளைக் கடந்து வந்தவர். மறுபேச்சில்லாமல் பேனையை எடுத்து முதல் கட்டத்தில் புள்ளடி போட்டார். நானோ வழக்கை வென்றவன் மாதிரி இரண்டாம் தரமும் புட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

இந்த நாட்டில் சின்னக் குற்றத்துக்குச் சிறை இல்லை, அடி இல்லை. அபராதத்தைக் கட்டினால் நீதிமன்றம் உங்களை மறந்துவிடும். பதிவு மறக்காது. சில மாதங்களில் அத்தான் விமான நிலைய அனுமதி அட்டையைப் புதுப்பிக்கப் போனபோது அது எழுந்து நின்றது. நேர்மை சம்பந்தப்பட்ட குற்றமாம். மற்றவர்களின் பெட்டியைத் தொடும் வேலைக்கு ஆகாதாம். பதினெட்டு வருடத்தில் ஒரு பெட்டியின் பூட்டைக்கூடத் தடவிப் பார்க்காத மனிதர், கழுத்தில் இருந்த அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் வீடு வந்தார். இப்போது சட்டன் என்ற இடத்தில் ஒரு குளிர்க் களஞ்சியத்தில் மீன்பெட்டி அடுக்குகிறார். வேலை முடிந்து வந்தால் கொஞ்ச நேரம் விரல்கள் மடங்காது.

போன மாசியில் எனக்கும் அதே கடிதம் வந்தது. என் பயண அட்டையையும் ஏதோ ஒரு இயந்திரம் பதியவில்லை. அதே குற்றச்சாட்டு, அதே இரண்டு கட்டங்கள். ஆனால் மேலே என் பெயர் இருந்ததாலோ என்னவோ, பேனை நேரே இரண்டாம் கட்டத்துக்குப் போனது. சட்டத்தரணி பிடித்தேன். அட்டையில் காசு இருந்த கணக்கை அனுப்பினேன். இரண்டு கிழமையில் வழக்கைக் கைவிட்டார்கள்.

மறைக்க மனம் வராமல் அத்தானுக்கு போன் எடுத்தேன். பகிடியாகத்தான் தொடங்கினேன், முடிவில் இரண்டாம் கட்டம், சட்டத்தரணி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மறுபக்கம் குளிரூட்டியின் இரைச்சலுக்குள் அவர் ஒரு மீன்பெட்டியை இறக்கிவைக்கும் சத்தம் கேட்டது.

"நல்லது," என்றார். "அக்காவுக்குச் சொல்லிப்போடாத. அவள் இன்னும் நீ அண்டைக்குச் சரியாத்தான் சொன்னனி எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறாள்."