செவலை சொறியும் சத்தம்

எங்கள் நாயைச் செவலை என்றுதான் கூப்பிடுவோம். மாசியில் காது மடலில் மயிர் கொட்டத் தொடங்கியது. பங்குனி முடிவதற்குள் முதுகு, வயிறு, வால் எல்லாம் மொட்டை. செவலை என்று சொல்ல உடம்பில் ஒரு பிடி சிவப்புகூட மிச்சமில்லை. சாம்பல் நிறத்தில் தடித்த தோல், அதன்மேல் பொருக்கு. நாள் முழுக்கச் சொறியும். சொறியும்போது பின்னங்கால் சிமெண்ட் தரையில் படும். டக், டக், டக்.

"ஒர்க்‌ஷாப்புல வேஸ்ட் ஆயில் வாங்கியாந்து தடவுடி. பூச்சியெல்லாம் மூச்சு முட்டிச் செத்துடும்" என்றாள் எதிர்வீட்டு அக்கா. எங்கள் ஒதியம்பட்டுப் பக்கம் சொறிநாய்க்கு இதுதான் வைத்தியம். டிராக்டரில் வடித்த கறுப்பு எண்ணெயை நானே தலை முதல் வால் வரை தடவினேன். நான் பி.காம். படித்தவள் வேறு. அதை நாய் நக்குமே என்று தோன்றவில்லை. இரண்டு நாள் ஓயாமல் வாந்தி. மூன்றாம் நாள் எழுந்து என் காலடிக்கு வந்தது. கறுப்பாகப் பளபளத்த அந்த உடம்பைப் பார்த்து நான் பின்வாங்கினேன். அதுவும் அங்கேயே நின்றுவிட்டது.

அதற்குள் என் முழங்கையிலும் அரிப்பு. "புள்ளைங்க இருக்கிற வூடு. இன்னாத்துக்கு இத்த வெச்சிக்கினு?" என்றார் என் வீட்டுக்காரர். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆனால் செவலையைப் போட யூரியா சாக்கின் வாயை விரித்துப் பிடித்தது நான்தான். பைக்கில் கொண்டுபோய் ஆற்றுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்தார்.

மறுவாரம் ஒரு மதியம், தெருவில் ஈ காக்கை இல்லை. சோறு வடித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் டக், டக், டக். ஓடிப்போய்ப் பார்த்தால் வெறும் தரை. மூன்று நாள், அதே நேரம், அதே சத்தம். வீட்டுக்காரரிடம் சொன்னால் சிரித்தார்.

அக்காவோ சிரிக்கவில்லை. "கரும்பு ஓரமா ஒண்ணு நிக்குதுடி. தோலு உரிச்சாப்ல கீது. நாயும் இல்ல, நரியும் இல்ல. உச்சி நேரத்துல அந்தாண்ட போவாத" என்றாள். செவலை செத்துவிட்டது, செத்த பிறகும் சொறிகிறது என்றே நம்பினேன்.

நான்காம் நாள் சத்தம் கேட்டதும் கொல்லைப்பக்கம் போனேன். கூடத்துச் சுவருக்கு வெளியே பழைய தகரம் ஒன்று சாய்ந்திருந்தது. அதன் பின்னாலிருந்து இரண்டு கண்கள் என்னைப் பார்த்தன. சொறிந்த கால் சுவரில் இடித்துக்கொண்டிருந்தது. "செவலை" என்றேன். வரவில்லை. வால் மட்டும் மெல்ல ஆடியது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அரித்தால் அரிக்கட்டும் என்று தூக்கிக்கொண்டு ஆட்டோவில் அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போனேன். டாக்டர் தோலைச் சுரண்டி எடுத்துப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாத பூச்சிதான், ஊசிக்குப் போய்விடும் என்றார். "ஆயில் தடவுனது யாரு?" என்று கேட்டார். நான்தான் என்றேன்.

ஆடிக்குள் மயிர் முழுக்க முளைத்துவிட்டது. பிள்ளைகள் அதைக் கட்டிக்கொண்டு புரள்கிறார்கள். நானும் எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் இருந்தேன். போன வாரம் நெல் அள்ள ஒரு சாக்கை உதறி வாயை விரித்தேன். செவலை ஓடிவிடும் என்று நினைத்தேன். ஓடவில்லை. எழுந்து வந்தது, தலையைக் குனிந்தது, தானே சாக்குக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.